"சேர்ந்தே கிளம்பிடுவோம்" என்றார் அப்பா

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நான்கு வருடமாக மனதில் அடக்கி வைத்ததை ஒரே கடிதத்தில் கொட்டப் பார்க்கிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது. கணவர், ஒரு மகள். அப்பாவுக்கு 79, அம்மாவுக்கு 74. அம்மாவுக்கு மறதி நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது. பிறகு என் மகளின் பெயர் மறந்தது. இப்போது சில நாள் என்னையே "நீங்க யாரு?" என்று கேட்கிறாள். இருவரும் தனியாக இருக்கிறார்கள், என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஒரே அண்ணன், வெளிநாட்டில் இருக்கிறார்.

இந்த நான்கு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். மகளுக்கு மறுநாள் பரீட்சை என்றபோதும் போயிருக்கிறேன். அம்மாவின் மாத்திரைகளை ஏழு நாளைக்கும் காலை, மதியம், இரவு என்று டப்பாவில் பிரித்து வைப்பேன். படுக்கை விரிப்பு மாற்றுவேன். எந்த அறை எது என்று அம்மாவுக்குத் தெரிய, ஒவ்வொரு கதவிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியதும் நான்தான். அண்ணன் வருடத்துக்கு ஒரு முறை பத்து நாள் வருவார். வந்தால் ராஜ மரியாதை.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். போன மாதம் அண்ணன் வந்தபோது வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகங்கள், இன்ஷூரன்ஸ் காகிதங்கள், பீரோ சாவி எல்லாவற்றையும் அப்பா ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்திருக்கிறார். எந்தக் கணக்கில் எவ்வளவு, யாரிடம் கேட்க வேண்டும் என்று தன் கையெழுத்தில் வரிசையாக எழுதிய தாளும் அதோடு போயிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சொத்தில் ஆசை கிடையாது, அதை நம்புங்கள். ஆனால் நான்கு வருடம் துடைத்துச் சுத்தம் செய்தது நான், சாவி போனது அண்ணனுக்கு.

எனக்குக் கிடைத்தது அம்மாவின் இரண்டு வளையல்கள். கைக்குட்டையில் முடிந்து கொடுத்து, "இதை இப்பவே வாங்கிக்கோ, அப்புறம் தேடாதே" என்றார். வேலைக்காரிக்குக் கணக்குத் தீர்க்கிற மாதிரி இருந்தது.

அடுத்த வாரமே இன்னொரு இடி. பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் தேடிப்பிடித்து, என் கைக்காசில் சம்பளம் கொடுத்து வைத்திருந்த அக்காவை அப்பா நிறுத்திவிட்டார். "இனிமே தேவைப்படாது" என்றாராம். அந்த அக்கா எனக்குப் போன் செய்து அழுதபோதுதான் எனக்கே தெரியும். மாத்திரை டப்பாவையும் இப்போது என்னைத் தொடவிடுவதில்லை. அம்மாவின் மருந்து எல்லாவற்றையும் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறார். நான் ஏதோ எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்பது போல. அவருடைய கண் ஆபரேஷனுக்கு நான் அலைந்து வாங்கிய தேதியையும் "இனிமே எதுக்கும்மா" என்று ரத்து செய்துவிட்டார். நான் செய்ததெல்லாம் வேண்டாம், அதுதானே அர்த்தம்?

அண்ணன் ஊருக்குப் போகும்முன் பெரிய வேலை செய்துவிட்டுத்தான் போனார். ஒரு பராமரிப்பு இல்லத்தில் அம்மாவுக்கு இடம் பிடித்து, அடுத்த மாதம் முதல் தேதி சேர்க்க வேண்டும் என்று அப்பாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். என்னைக் கலந்து பேசவில்லை. பணம் அனுப்புகிறவர் பேச்சுதான் எடுபடும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இதையெல்லாம் கேட்டு அப்பாவிடம் சண்டை போட்டேன். "உங்களுக்காக என் வாழ்க்கையே போச்சு" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது, தெரியும். அவர் கத்தவில்லை. "உனக்கும் அவனுக்கும் இனி எந்தத் தொந்தரவும் இருக்காது. அவளை விட்டுட்டு நான் போகமாட்டேன், என்னை விட்டுட்டு அவளாலயும் இருக்க முடியாது. சேர்ந்தே கிளம்பிடுவோம்" என்றார். வயதானவர்கள் கோபத்தில் பேசுகிற பேச்சு, அதை விடுங்கள். எனக்கு வலித்தது என்னவென்றால், நான் அழுதுகொண்டே செருப்பைப் போட்டபோது வாசல்வரைகூட வரவில்லை. "இனி வாராவாரம் வரவேண்டாம்மா, உன் வீட்டைப் பாரு" என்றார். நானும் ரோஷக்காரிதான், மூன்று வாரமாகப் போகவில்லை. அண்ணியிடம் சொன்னால், "நீங்கதான் ஓவரா எடுத்துக்கிறீங்க" என்கிறார்.

நான் இங்கே தூங்காமல் கிடக்கிறேன், அங்கே அப்பா சந்தோஷமாக இருக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், "ரெண்டு மாசமா முகம் கொடுத்தே பேசாம இருந்தார், இப்ப பத்து நாளா தெளிவா இருக்கார்மா. பழைய கைமாத்தைக்கூட வந்து கொடுத்துட்டுப் போனார். அவரோட செஸ் போர்டை என் பையனுக்கே கொடுத்துட்டார்." நான் வராததுதான் அவருக்கு நிம்மதி போலிருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்வேன். அம்மாமேல் அவருக்கு இருக்கிற பாசத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். தினமும் காலையில் அம்மாவை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துத் தலை வாருவார். ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, நடுங்குகிற கையால் சீப்பின் முனையில் நேர்வகிடு எடுப்பார். வகிடு கோணினால் கலைத்துவிட்டு மறுபடி எடுப்பார். ஜன்னலில் புறா வந்து உட்கார்ந்தால் அம்மா கைதட்டிச் சிரித்துத் தலையைத் திருப்பிவிடுவாள். அவர் கன்னத்தைப் பிடித்து மெல்ல நேராக்குவார். அப்படிப்பட்ட மனிதர் பெற்ற மகளிடம் ஏன் இப்படி?

அப்பா ஏன் என்னை நம்பவில்லை? அண்ணனிடம் நியாயம் கேட்பது தவறா? நானே முதலில் போக வேண்டுமா, அவர் கூப்பிடும்வரை காத்திருக்கலாமா?

இப்படிக்கு,
ஒரு மகள்

அன்புச் சகோதரிக்கு,

இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், அவசரமானதை உங்களுக்கு நேரடியாகத் தெரிவித்துவிட்டேன். அதையே இங்கு விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கக்கூடும்.

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்றுக்குத்தான் இப்போது பதில். நீங்களே முதலில் போக வேண்டும், இன்றே போக வேண்டும். மற்ற இரண்டும் காத்திருக்கலாம். சண்டையை விவரிக்கும்போது போகிற போக்கில் அப்பாவின் ஒரு பேச்சை எழுதிவிட்டு, "அதை விடுங்கள்" என்று சொல்லியிருக்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. "சேர்ந்தே கிளம்பிடுவோம்" என்ற அந்த வார்த்தைதான் எனக்கு உங்கள் கடிதம் முழுவதும்.

அதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் குறைகளை இன்னொரு முறை படியுங்கள். கணக்குகளை வரிசையாக எழுதி, பத்திரங்களோடு மகனிடம் ஒப்படைத்திருக்கிறார். மகளுக்கு வளையலைக் கொடுத்து "அப்புறம் தேடாதே" என்றிருக்கிறார். கைமாத்தைத் திருப்பியிருக்கிறார். ஆசையாக வைத்திருந்த செஸ் போர்டைக் கொடுத்துவிட்டார். தன் கண் ஆபரேஷன் இனி எதற்கு என்கிறார். பகலில் வீட்டில் இருந்த ஒரே வெளியாளை நிறுத்திவிட்டு "தேவைப்படாது" என்கிறார். மருந்துகள் அவர் பூட்டுக்குள். உங்களையும் வரவேண்டாம் என்றாகிவிட்டது. ஒவ்வொன்றையும் உங்களுக்கு நேர்ந்த அவமானமாகப் படித்திருக்கிறீர்கள். தனித்தனியாக வந்திருந்தால் நானும் வயதானவரின் ஒழுங்கு என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொண்டிருப்பேன். எல்லாம் ஒரே மாதத்தில், ஒரே திசையில் வந்திருக்கின்றன. இது விடைபெறுகிறவர் செய்கிற ஏற்பாடு.

இவற்றில் என்னை அதிகம் பயமுறுத்துவது அந்தப் பத்து நாள் தெளிவு. இரண்டு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தவர் சிகிச்சை எதுவும் இல்லாமல், வீட்டு நிலைமை எதுவும் மாறாமல், திடீரென்று அமைதியானால் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருப்பதா போவதா என்ற போராட்டம் மனதுக்குள் முடிந்து, ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாலும் அந்த அமைதி வரலாம். நீங்கள் வராததால் வந்த நிம்மதி அல்ல அது.

இதற்கு மனநல மருத்துவத்தில் உள்ள பெயர் கேட்கவே கூசும். கொலை-தற்கொலை. ஒருவர் இன்னொருவரைக் கொன்றுவிட்டு, சிறிது நேரத்திலேயே தானும் உயிரை விடுவது. அமெரிக்க மனநல மருத்துவர் பீட்டர் மார்சுக்கும் அவரது சக ஆய்வாளர்களும் 1992இல் இதை வகைப்படுத்தி எழுதினார்கள். அங்கே ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 0.2 முதல் 0.3 வரைதான் இது நடக்கிறது. மிக அரிது. ஆகவே உங்கள் அப்பா நிச்சயம் செய்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை, யாராலும் சொல்லவும் முடியாது. ஆனால் முதியவர்களிடையே இது எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்வதும் உங்கள் கடிதமும் அளவுக்கு மீறி ஒத்துப்போகின்றன. டோனா கோஹன் குழுவினர் ஃபுளோரிடாவில் நடந்த சம்பவங்களை ஆராய்ந்து 1998இல் எழுதியதில், செய்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள், இறந்தது பெரும்பாலும் மனைவி. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள். மனைவியை வருடக்கணக்காகக் கவனித்துக்கொண்ட கணவர்கள் அதில் பலர். யாரும் கண்டுகொள்ளாத, சிகிச்சை பெறாத மனச்சோர்வு அவர்களில் பலரிடம் இருந்தது. தன் உடல்நிலை மோசமாவதும், இருவரையும் பிரித்து ஒருவரை இல்லத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற செய்தியும் கடைசித் தள்ளுதலாக அமைகின்றன. உங்கள் அண்ணன் முதல் தேதி என்று ஒரு நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் அந்த ஆய்வுகளில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. முதியவர்களிடம் இது பெரும்பாலும் ஒரு நிமிட ஆத்திரத்தில் நடப்பதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மனதில் உருவாகிறது. அப்படியானால் இடையில் யாராவது நுழைய நேரம் இருக்கிறது.

இனி அந்தப் பாசத்தைப் பற்றி. அப்பாவின் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. வகிடு கோணினால் கலைத்து மறுபடி எடுக்கிற கையில் இருப்பது பாசம்தான். "சேர்ந்தே கிளம்பிடுவோம்" என்பதில் இருப்பது அது அல்ல. அதில் "சேர்ந்தே" என்று இரண்டு பேர் இருக்கிறார்கள், முடிவு எடுத்தவர் ஒருவர்தான். அம்மாவை யார் கேட்டார்கள்? உங்கள் பெயர் அவருக்கு மறந்திருக்கலாம். ஆனால் ஜன்னலில் புறா வந்தால் கைதட்டிச் சிரிக்கிறார் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அது வாழ்ந்துகொண்டிருக்கிற ஒருவரின் சிரிப்பு. "என்னை விட்டுட்டு அவளாலயும் இருக்க முடியாது" என்பது அப்பாவின் பயம், அம்மாவின் விருப்பம் அல்ல. இப்படி நடந்துவிட்டால் செய்தியில் "முதிய தம்பதி தற்கொலை" என்று தலைப்பு போடுவார்கள். படிக்கிறவர்களும் என்ன ஒரு பாசம் என்று உருகுவார்கள். இறந்தவர்களில் ஒருவர் கொல்லப்பட்டவர் என்பதே அந்தத் தலைப்பில் மறைந்துபோகும். "கூட்டுத் தற்கொலை", "குடும்பத்துடன் தற்கொலை" என்ற சொற்களும் இதே தவறைச் செய்கின்றன. அப்படி இறக்கிற குழந்தை தற்கொலை செய்துகொள்வதில்லை, கொல்லப்படுகிறது. பெற்றோர் தம் பிள்ளைகளைக் கொன்ற சம்பவங்களை 1969இல் ஆராய்ந்த மனநல மருத்துவர் பிலிப் ரெஸ்னிக் ஐந்து நோக்கங்களைப் பிரித்துக் காட்டினார். அதிகம் காணப்பட்டது "இதன் நன்மைக்காகத்தான்" என்று கொன்றவர் நம்பியதுதான். கடனில் மூழ்கிய தகப்பன் "நான் போய்விட்டால் இவர்களை யார் பார்ப்பார்கள்" என்று கேட்பதும் உங்கள் அப்பா சொன்னதும் ஒரே பேச்சு.

அதற்காக அப்பாவை வில்லனாகப் பார்க்கச் சொல்லவில்லை. மனச்சோர்வு ஒரு மனிதரை, தான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்று முழு மனதோடு நம்பவைக்கும். மனைவியை வேறு ஆளாகப் பார்க்கவே மறந்து, தன் உடம்பில் ஒரு பாகம் போல் நினைக்கத் தொடங்கிவிட்டவருக்கு, தன்னைப் பற்றிய தீர்ப்பு அப்படியே மனைவிமேலும் விழும். வயதான ஆண்களிடம் இந்த நோய் அழுகையாக வெளிப்படுவது குறைவு. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு, பசி குறைவது, எரிச்சல், உடம்பு வலி, "இனி எதுக்கு" என்ற பேச்சு, இவற்றில்தான் தெரியும். நான்கு வருடம் இரவும் பகலும் தனியாக ஒரு மறதி நோயாளியைப் பார்த்துக்கொண்டவருக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இங்கே உங்களிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். "என் வாழ்க்கையே போச்சு" என்ற வார்த்தை அவருக்கு நோயைத் தரவில்லை. நோய் முன்பே இருந்தது, ஏற்பாடுகளும் முன்பே தொடங்கிவிட்டன. ஆனால் தான் ஒரு பாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு மகள் வாயால் அதை உறுதிப்படுத்திவிட்டீர்கள். "இனி எந்தத் தொந்தரவும் இருக்காது" என்பது உங்களுக்கு அவர் சொன்ன பதில். அதைக் கேட்ட பிறகும், அவர் வாசல்வரை வராததுதான் உங்களுக்கு வலித்தது. மூன்று வார ரோஷம் உங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் நியாயமாக இருக்கலாம். அந்த வீட்டில் அது, யாரும் வராத மூன்று ஞாயிற்றுக்கிழமை. இதை உங்கள்மேல் குற்றமாகப் போடவில்லை. இன்று மாலையே திருத்திவிட முடிகிற தவறு என்பதால் சொல்கிறேன்.

நான்கு நாள் தங்குகிற மாதிரி துணி எடுத்துக்கொண்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அப்பாவை மருத்துவர் பார்த்து முடிவு சொல்லும்வரை, அம்மா எந்த நேரத்திலும் அவரோடு தனியாக இருக்கக் கூடாது. முக்கியமாக இரவிலும் விடிகாலையிலும். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அந்த நேரம்தான் மிகவும் கனமானது. அம்மாவின் அறையில் நீங்கள் படுங்கள். "அம்மாவோட இருக்கணும் போல இருந்துச்சு" என்று சொன்னால் போதும்.

பிறகு கேட்க வேண்டும். கணவர் அம்மாவோடு வேறு அறையில் இருக்கட்டும். நீங்கள் அப்பாவுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்கள்: "அப்பா, அன்னைக்கு சேர்ந்தே கிளம்பிடுவோம்னு சொன்னீங்க. நான் காதுல வாங்காம போயிட்டேன். இப்ப கேட்கிறேன். உயிரை விட்டுடணும்னு நினைக்கிறீங்களா?" சுற்றி வளைக்க வேண்டாம். பதிலுக்குக் காத்திருங்கள், மௌனத்தை நீங்கள் பேசி நிரப்பாதீர்கள். அவர் இல்லை என்றாலும் ஆம் என்றாலும், பெரும்பாலானோர் கேட்க மறக்கிற அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும்னு நினைச்சீங்களா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அது தவறான நம்பிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட தற்கொலைத் தடுப்பு அறிக்கையே சொல்கிறது. நேராகக் கேட்கும்போது பலருக்கு முதல் தடவையாக மூச்சு விட முடிகிறது.

"போயிடலாம் போல இருக்கு, ஆனா ஒண்ணும் யோசிக்கல" என்றால் ஓரிரு நாளுக்குள் மனநல மருத்துவர். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறார், ஏதாவது தயார் செய்து வைத்திருக்கிறார், அல்லது அம்மாவைப் பற்றிய கேள்விக்கு ஆம் என்றோ, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தோ இருந்தால் அது மாரடைப்புக்குச் சமமான அவசரம். அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அம்மா வேறு வீட்டில், வேறு பெரியவர் பொறுப்பில். அம்மாவைக் கூட்டிப்போகிற அதே வேளையில் அப்பாவைத் தனியாக விட்டுவிடாதீர்கள், பிரிவு நடந்த அந்தச் சில மணி நேரம்தான் அவருக்கு மிக ஆபத்தானது. அவர் வர மறுத்தால், தடுத்தால், கையில் ஆயுதம் எதையாவது எடுத்தால் பிடுங்கப் போகாதீர்கள். அம்மாவோடு வெளியேறி உங்கள் நாட்டின் அவசர எண்ணை அழையுங்கள். என்ன செய்வது என்று தடுமாறினால், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் அவருக்குப் பதிலாக நீங்களே பேசி வழி கேட்கலாம்.

இந்த உரையாடல் கெட்டுப்போகிற இடங்கள் சில உண்டு. "பேசுற பேச்சா இது?" என்று அதட்டுவது. "எங்களை நினைச்சுப் பார்த்தீங்களா?" என்று அழுவது. அவர் சொன்னதைக் கேட்காமலே "அதான் நாங்க இருக்கோமே" என்று மூடுவது. எல்லாவற்றையும்விட, தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்குவது. சத்தியம் வாங்கியவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார், கொடுத்தவரின் நோய் அப்படியே இருக்கும். அவர் "யார்கிட்டயும் சொல்லாதே" என்றால், "டாக்டர்கிட்டயும் அண்ணன்கிட்டயும் சொல்லுவேன்பா, மறைக்க மாட்டேன்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

மருந்து அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்குங்கள். திருட்டுத்தனமாக எடுக்க வேண்டாம். "இனி மருந்து என் பொறுப்புப்பா, நீங்க நாலு வருஷம் பார்த்தது போதும்" என்றால் அது தண்டனையாக இருக்காது. ஒரு வாரத்துக்கு மேல் மருந்து அந்த வீட்டில் இருக்கக் கூடாது. பழைய மாத்திரைகள், பூச்சிமருந்து, ஆயுதம் ஏதாவது இருந்தால் எல்லாம் வீட்டை விட்டே போக வேண்டும். ஒளித்து வைப்பது போதாது. செய்ய நினைப்பவர் எப்படியும் செய்துவிடுவார் என்பது உண்மையல்ல. கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த இலங்கையில், 1995க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. கைக்கெட்டாமல் போன அந்த இடைவெளியில் பலர் உயிரோடு தங்கிவிடுகிறார்கள்.

மருத்துவரிடம் அப்பா நன்றாகச் சிரித்துப் பேசுவார், "எனக்கென்ன டாக்டர்" என்பார். ஆகவே அரைப் பக்கத்தில், தேதியோடு, எனக்கு எழுதிய அதே விஷயங்களை எழுதி, அவர் உள்ளே போகும்முன் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். அண்ணனைப் பற்றிய வரிகள் மட்டும் வேண்டாம். முதல் வரியில் "சேர்ந்தே கிளம்பிடுவோம்" இருக்கட்டும். "வயசானா இப்படித்தான்" என்று யாராவது அனுப்பிவிட்டால் வேறு மருத்துவரைப் பாருங்கள். முதியோருக்கான மனச்சோர்வு அளவுகோல் ஒன்று உண்டு, 15 எளிய கேள்விகள், ஆம் இல்லை என்று பதில். மதிப்பெண் ஐந்துக்கு மேல் போனால் தீவிரமாகப் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கினாலும் மனம் மாற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், இந்த வயதில் இன்னும் கூடும். அதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடலாம். மனம் தேறாமல் தெம்பு மட்டும் வந்திருக்கிற அந்த நாட்களில் காவலைத் தளர்த்தாதீர்கள். மருத்துவர் அவரோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதலாம். உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் 2012இல் வகுத்துக் கொடுத்தது அது. எண்ணம் வரும்போது முதலில் தெரிகிற அறிகுறி என்ன, தனியாக என்ன செய்யலாம், எங்கே யாரோடு போய் இருக்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை அழைக்கலாம், வீட்டிலிருந்து எதை அகற்ற வேண்டும் என்று ஆறே பகுதி. அவர் கையெழுத்தில், அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு இன்று ஒரு போன். பத்திரத்தைப் பற்றியோ சாவியைப் பற்றியோ ஒரு வார்த்தை வேண்டாம். அப்பா சொன்னதைச் சொல்லுங்கள், நான் மேலே அடுக்கிய ஏற்பாடுகளைச் சொல்லுங்கள், முதல் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். இல்லம் என்ற யோசனையே தவறு என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒரு நாள் அது தேவைப்படலாம். ஆனால் அப்பா மருந்தில் தேறிய பிறகு, அவரே போய்ப் பார்த்து, அறையை அவரே தேர்ந்தெடுத்து, தினமும் எத்தனை மணிக்குப் போய்த் தலை வாரிவிடலாம் என்று பேசி முடித்த பிறகு நடக்க வேண்டியது அது. போனில் தேதி சொல்லிப் பறிக்கிற விஷயம் அல்ல. அதுவரை அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது வேறு யாராவது அம்மாவோடு இருக்க வேண்டும். பகல் உதவி மட்டும் வைத்துவிட்டு இரவை அவர் தலையில் விட்டதுதான் உங்கள் பழைய ஏற்பாட்டில் இருந்த ஓட்டை. பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸ்டீவன் சாரிட் உருவாக்கிய 22 கேள்விகள் இருக்கின்றன, மொத்தம் 88 மதிப்பெண். அப்பாவும் நிரப்பட்டும், நீங்களும் நிரப்புங்கள். இருவரின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, யார் அதிகம் செய்தார்கள் என்ற உங்கள் வழக்கு வேறு மாதிரித் தெரியும் என்று நினைக்கிறேன்.

போகும்போது அந்தக் கைக்குட்டையையும் எடுத்துப் போங்கள். "இது அம்மா கையிலயே இருக்கட்டும்பா, எனக்கு இப்ப வேண்டாம்" என்று வளையல்களை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். உடனே வாங்கிக்கொள்ள மாட்டார். மேசைமேல் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்காருங்கள்.